வெயில் எறிக்கிறது, கப்பல் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் ஸ்கொட்லாந்துத் தீவுகளின் வசந்தகாலம் பற்றி வந்த பயணக் கட்டுரையையும், அடுத்த கிழமை அதற்கு யாழ்ப்பாணத் தீவகத்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் வாசித்தேன். வெள்ளை மணலும் நீலக்கடலுமாக ஒரு படத்தைப் போட்டு, சித்திரை வைகாசியில் அங்கே போனால் சொர்க்கம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். வாசகரோ, "அங்கே எந்தக் காற்றுக்கும் கப்பல் ஓடும், எங்களுக்குத்தான் கொஞ்சம் கடல் கொந்தளித்தாலும் படகு நின்றுவிடும்" என்று வயிறெரிந்திருந்தார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது நெடுந்தீவு. இப்போது இருப்பது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், டைரீ என்ற தீவில். வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய், எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, தேத்தண்ணீர் வைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் வானம் எப்படி இருந்தாலும் காலையில் வெளிக்கிட்டாக வேண்டிய ஆள் நான்.

டைரீ ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளம். தட்டையான நிலம். ஆக உயர்ந்த குன்றே 141 மீற்றர்தான். மரம் அருமை. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 653 பேர். மழலையர் முதல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதுவரை ஒரே பள்ளிக்கூடம், ஒரு வைத்தியர் நிலையம், விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகள். ஓபன் என்ற துறைமுகத்திலிருந்து கோல் தீவைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் கப்பலில் வரவேண்டும். கிளாஸ்கோவிலிருந்து இருபது பேர் கூட ஏற முடியாத ஒரு சின்ன விமானமும் வந்து போகும்.

கட்டுரையாளர் வெயிலைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. பிரித்தானியாவிலேயே வெயில் அதிகம் எறிக்கும் இடங்களில் டைரீயும் ஒன்று. 1975ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் மட்டும் இங்கே 329 மணித்தியாலம் வெயில் பதிவாகியிருக்கிறது. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலே. ஸ்கொட்லாந்து என்றதும் மழைதானே என்று நினைப்பவர்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். காரணம் லேசானது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒரு மலையில் ஏறும்போதுதான் குளிர்ந்து பெருமழையாகும். எங்களிடம் ஏறுவதற்கு மலை இல்லை. மேகம் தலைக்கு மேலால் போய், கிழக்கே மல் தீவில் 966 மீற்றர் உயரத்துக்கு நிற்கும் பென் மோர் மலையில் முட்டி அங்கே கொட்டித் தீர்க்கும். என் சமையலறை யன்னலால் பார்த்தால் மல் தீவு கறுத்துப்போய் நிற்கும், எங்கள் வளவில் உடுப்புக் காயும். வசந்தத்தில் கடல் இன்னும் குளிர் விடாமல் கிடப்பதால் அதற்கு மேலே மேகம் திரளுவதும் குறைவு. வடக்கே ஓர் உயரமுக்கம் வந்து குந்திவிட்டால் நாட்கணக்காக வானம் வெளித்தே இருக்கும். அந்தக் கடலின் சூடு சித்திரையில் 8, 9 பாகை. படத்தில் அது தெரியாது, கால் வைத்தால்தான் தெரியும்.

வெயிலைச் சொன்னவர் காற்றைச் சொல்லவில்லை. இங்கே வசந்தத்தை வெயிலை வைத்து ஒருவரும் அளப்பதில்லை. பகலில் சித்திரையில் பத்துப் பாகை, வைகாசியில் பன்னிரண்டு பதின்மூன்று. ஆனால் தடுக்க ஒரு மரம் இல்லாத நிலத்தில் காற்றுத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். புதிதாக வருபவருக்கு ஊரார் முதலில் சொல்லிக்கொடுப்பது காரை நிறுத்தும் முறை. மூக்கைக் காற்றின் பக்கம் வைத்து நிறுத்து, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திற. காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தித் திறந்தால் கதவு பிணைச்சலோடு முன்பக்கம் மடிந்துவிடும். உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், ஆனால் காய்ந்த உடுப்பு உங்கள் வளவில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் படுக்கை விரிப்பு ஒன்று பக்கத்துக் காணியின் முள்ளுக்கம்பியில் கிடந்து, அதற்குள் ஓர் ஆட்டுக்குட்டி ஒதுங்கியிருந்தது. பிறகு அதை வீட்டுக்கு எடுக்க மனம் வரவில்லை. யன்னல் கண்ணாடியில் உப்பு, காரின் அடியில் துரு. ஒரு நல்ல விஷயமும் உண்டு: ஸ்கொட்லாந்தின் மலைப்பக்கங்களில் ஆட்களைப் பிய்த்துத் தின்னும் சின்ன நுளம்புகள் இந்தக் காற்றில் நிலைகொள்வதில்லை. 2010ஆம் ஆண்டு ஊரார் சேர்ந்து நட்ட காற்றாலை ஒன்றும் சுழல்கிறது. வருமானம் ஊருக்கே.

காலையில் எழும்பியதும் நானும் வீட்டுக்காரரும் கதைப்பது இன்றைக்கு எவ்வளவு காற்று என்பதை அல்ல, எங்கேயிருந்து காற்று என்பதைத்தான். எங்கள் வீட்டில் இன்னும் வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), சோழகம் (தெற்கு), கச்சான் (மேற்கு) என்றுதான் பேச்சு. சோழகமும் கச்சானும் மழையையும் பெரிய அலையையும் கொண்டுவரும். ஆனால் கப்பல் வந்து நிற்கும் இறங்குதுறை தீவின் மறுபக்கத்தில், கொட் குடாவில் இருக்கிறது. அந்தக் குடா தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தீவே ஒரு மறைப்பு. கொண்டல் என்றால் கதை வேறு. வசந்தத்தில்தான் கொண்டல் அதிகம் வீசும். அது வறண்ட காற்று, மேகத்தைத் துடைத்துவிடும். வானம் நீலமாக, மல் தீவின் மலைகள் வெட்டுக்கோடுபோல் தெளிவாக, மணல் கண்ணைக் கூச வைக்க, உங்கள் கட்டுரையின் படம் எடுத்த நாள் அப்படி ஒரு நாளாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் அலை நேரே இறங்குதுறையில் வந்து அடிக்கும். கப்பல் வந்து, கயிறு போட முடியாமல், எங்கள் கண்முன்னே திரும்பிப் போனதும் உண்டு. கறுப்புக் கண்ணாடியும் அரைக் காற்சட்டையுமாக நிற்கும் சுற்றுலாக்காரர், "இவ்வளவு நல்ல காலநிலையில் ஏன் ஓடவில்லை?" என்று அலுவலகத்தில் வாதாடுவார். ஊர்க்காரர் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவர்கள் முதல்நாள் இரவே பாண் வாங்கிவிட்டார்கள்.

பாண் என்றதும் கடையைச் சொல்ல வேண்டும். கப்பல் வராவிட்டால் முதலில் காலியாவது பாண் தட்டு, பிறகு பால், பிறகு மரக்கறி. கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் கிளாஸ்கோவிலிருந்து தபாலில் வரும். அரிசி மூட்டையாக வாங்கி வைத்திருப்பேன். இந்த ஊர்ப் பெண்களின் ஆழ்குளிர்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், மாரி முழுவதும் கடல் மூடியிருந்தாலும் சமாளிப்பார்கள் போலிருக்கும். பக்கத்து வீட்டு மீனவர் நண்டுக் கால்களை ஒரு வாளியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவருடைய நண்டும் சிங்க இறாலும் உயிரோடு பெருநிலத்துக்குப் போகவேண்டியவை. கப்பல் இல்லாத நாளில் அவை கடலில் கட்டிய கூட்டிலேயே கிடக்கும், அவருடைய காசும் அங்கேயே கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் வாளி கொஞ்சம் நிறைந்து வரும் என்பதை நான் அவருக்குச் சொல்லிக்காட்டுவதில்லை.

என் வேலையில் நான் காணும் வசந்தம் கட்டுரையில் வராத வசந்தம். பங்குனி கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், முதியவர்களுக்கு மருந்து நேரம் குழம்பிப்போகும். சித்திரையில் செம்மறிகள் குட்டி ஈனும் காலம். அந்த மாதத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு காட்போட் பெட்டி, அதற்குள் தாய் ஒதுக்கிவிட்ட ஒரு குட்டி, பக்கத்தில் பால் போத்தல். நரி இந்தத் தீவில் இல்லை. ஆனால் காகமும் பெரிய கடற்புறாவும் பிறந்து எழும்பாத குட்டியின் கண்ணைக் கொத்திவிடும். அதனால் ஆட்கள் விடிய நாலு மணிக்கு ஒரு தடவை வயலைச் சுற்றிவருவார்கள். ஏழு மணிக்கு நான் போகும்போது மகனோ மருமகளோ அழுக்குச் சப்பாத்தோடு கதிரையில் நித்திரை. நான் சத்தம் போடாமல் கிழவரின் அறைக்குப் போவேன்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தொண்ணூறை நெருங்குகிறார், ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில்தான் கனவு காண்பார். யன்னலோரம் தூரநோக்கியோடு இருந்து, மற்றவர்களின் ஆடுகளில் எது ஈனப்போகிறது என்று எனக்குச் சொல்லி, அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது வெயில் எறித்துக்கொண்டே எலும்பைக் குத்தும் ஒரு குளிர் வரும். அதற்கு அவர் சொல்லும் விளக்கம்: குளிர்காலத்துக் கிழவி இன்னும் சாகவில்லை, புல்லு முளைக்கக்கூடாது என்று தன் தடியால் நிலத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். புல்லு எப்படியும் முளைக்கும். அதைக் கண்டு அவள் தடியை எறிந்துவிட்டுப் போவாள். இது அந்த மொழிக்காரரின் பழைய கதை. "போய்விட்டாளா?" என்று நான் கேட்பேன். முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கிழமை" என்பார்.

வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிக்கும்போது அவருடைய அறையில் யாரும் பேசக்கூடாது. கரையோர நிலையங்களின் வரிசையில் டைரீயின் பெயரும் வரும். கையை உயர்த்தி என்னை நிறுத்துவார், மருந்துக் குளிசை என் விரலில் கரையும். கடலுக்குப் போய் எத்தனையோ வருடமான மனிதர் அவர், எங்கேயும் போகப்போவதும் இல்லை. ஆனாலும் காற்று எந்தத் திசை, எந்த வேகம், கடல் எப்படி என்பது தெரியாமல் காலைக் கஞ்சியை வாயில் வைக்கமாட்டார். இந்தத் தீவுக்கும் காற்றை அளப்பதற்கும் பழைய உறவு. இரண்டாம் உலகப்போரில் இங்கே இருந்த விமானப்படைத் தளத்திலிருந்து 518ஆம் படைப்பிரிவு ஹலிஃபக்ஸ் விமானங்களில் அட்லாண்டிக்கின் நடுப்பகுதிவரை பறந்து, குண்டு போட அல்ல, காற்றையும் அமுக்கத்தையும் அளந்துகொண்டு வந்தது. 1944 ஆவணியில் அப்படி இரண்டு விமானங்கள் தளத்துக்கு மேலேயே மோதி 16 பேர் இறந்தார்கள். இன்றைக்குக் கிளாஸ்கோ விமானம் வந்து இறங்குவது அந்தத் தளத்தில்தான்.

சித்திரை நடுவில் குளிர்காலத்தை இங்கே கழித்த பார்னக்கிள் வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் கிரீன்லாந்துக்குக் கிளம்பிவிடும். விவசாயிகளுக்குப் பெரிய நிம்மதி, புதுப்புல்லை மேய்ந்து தீர்ப்பவை அவை. மாதக்கடைசியில் ஆபிரிக்காவிலிருந்து கோர்ன்கிரேக் என்ற பறவை வந்து சேரும். பிரித்தானியாவில் இது அருகிப்போய், மிஞ்சியிருக்கும் முக்கியமான இடங்களில் டைரீயும் ஒன்று. வந்த புதிதில் ஒளிக்கப் புல்லு உயரமில்லை என்பதால் ஐரிஸ் பற்றைக்குள்ளும் செந்தட்டிக்குள்ளும் பதுங்கும். கண்ணில் படாது, காதில் விழும்: பனைமட்டைக் கருக்கில் தடியைத் தேய்ப்பதுபோல இரவு முழுவதும் ஒரே கரகரப்பு. என்னிடம் பராமரிப்புப் பெறும் ஓர் ஆச்சி, அது வந்த இரவிலிருந்துதான் நிம்மதியாகத் தூங்குகிறார். அவருடைய மகள் அதே இரவிலிருந்து தூங்காமல் இருக்கிறார். அதன் கூட்டையும் குஞ்சையும் காப்பாற்ற வைக்கோற்புல்லைப் பிந்தி வெட்டவேண்டும், வெட்டும்போதும் வயலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டவேண்டும். அப்போதுதான் குஞ்சு ஓடித் தப்பும். அப்படிச் செய்பவருக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது.

வைகாசி பிறந்தால் மணல்மண் புல்வெளியில் டெய்சிப் பூ வெள்ளையாகப் பரவும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகளைப் படுக்க வைப்பது வீட்டுக்கு வீடு சண்டை. உருளைக்கிழங்குப் பாத்திக்குக் கடற்சாதாழை அள்ளிப் போடுவோம். இதையெல்லாம் கட்டுரையாளர் வந்து பார்க்கத்தான் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனித் தீவகத்து வாசகருக்கு. ஐயா, இங்கேயும் எந்தக் காற்றுக்கும் கப்பல் ஓடுவதில்லை. காற்றில்லாத நாளிலும் ஓடாமல் விடுவதுண்டு, கப்பல்களுக்கு வயது போய்விட்டது. அரான் தீவுக்கென்று 2015இல் கட்டச் சொன்ன கப்பல் 2025 தை மாதத்தில்தான் ஆட்களை ஏற்றியது. ஈஸ்டர் விடுமுறை தொடங்கினால் வாகனத் தளம் முழுவதையும் சுற்றுலாக்காரர் மாதக்கணக்குக்கு முன்பே பதிந்துவிடுவார்கள். கண் வைத்தியரிடம் போகவேண்டிய ஊர்க்காரருக்கு இடம் இருக்காது. நான் பராமரிக்கும் ஓர் அம்மாவின் கண் பரிசோதனை இப்படியே தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அவர் என்னைக் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார். ஊர்க்காரர் சத்தம் போட்ட பிறகு கொஞ்ச இடத்தைக் கடைசி நாட்கள்வரை ஒதுக்கிவைத்துப் பார்த்தார்கள். 2008இல் இந்தத் தீவில் பரீட்சித்துப் பார்த்த திட்டத்தால் கப்பல் கட்டணமும் அதே தூரத்தைத் தரையில் ஓடும் செலவுக்குச் சமனாகக் குறைந்தது. எதுவும் தானாக வரவில்லை. 1886இல் நிலத்துக்காக இந்த ஊரார் எழும்பியபோது கடற்படை வீரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். குத்தகைக்காரரை நினைத்தபடி எழுப்பக்கூடாது என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். "அன்றைக்கு மட்டும் கப்பல் நேரத்துக்கு வந்தது" என்று யன்னலோரப் பெரியவர் சிரிப்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இங்கே கப்பல் ஓடாது என்பது எனக்குப் படுக்கையிலேயே தெரிந்துவிடும். "நாளைக்குக் கொண்டல், சந்தேகம்" என்று முதல்நாளே கைத்தொலைபேசிக்குத் தகவல். விடியற்காலையில் இன்னொன்று, காரணத்தோடு: காற்றா, அலையா, இயந்திரமா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்றும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் வைத்தியர் நிலையத்துக்கு எடுத்துச் சொல்லுவேன், கிளாஸ்கோ மருத்துவமனையில் சந்திப்புத் திகதியை மாற்றுவார்கள், கடைக்காரர் பாலைப் பங்கிடுவார், ஆட்டுத்தீவனம் முடிந்தவர் பக்கத்துக் காணியில் கடன் வாங்குவார். கடல் எங்கள் சொல்லைக் கேளாது. ஆனால் வீணாகப் போய் இறங்குதுறையில் நிற்கும் ஆள் இங்கே சுற்றுலாக்காரர் மட்டும்தான்.

என் அக்கா இன்னும் நெடுந்தீவில் இருக்கிறா. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும்போது, பின்னேரப் படகு இல்லை என்பதைக் குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் வந்து, இறங்குதுறையில் நின்றுதான் அறிகிறா. பிறகு புங்குடுதீவில் தெரிந்தவர் வீடு தேடிப் போகவேண்டும். படகு நின்றதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. அது நிற்கப்போகிறது என்பதை யாரோ ஒருவர் காலையிலேயே அறிந்திருப்பார், அவரிடமிருந்து அக்காவுக்கு அது வந்து சேர வழியில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் முதற்பக்கத்தில் தங்க விலைக்குத் தினமும் ஒரு பெட்டி போடுகிறீர்கள். அதற்குக் கீழே நாலு வரி தாருங்கள்: இன்றைய காற்றின் திசை, கடலின் நிலை, நெடுந்தீவு, நயினாதீவுப் படகுகளின் நேரம், பழுதில் நிற்கும் படகு எது. அச்சுக்குப் போன பிறகு மாறினால் உங்கள் இணையப் பக்கத்தில் மாற்றிப் போடலாம். தகவல் எடுக்க ஆள் இல்லை என்று சொல்லவேண்டாம். அக்காவின் மகன் குறிகட்டுவானில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கிறான், விடிய ஐந்து மணிக்கே திறப்பான், படகுக்காரர் எல்லோரும் அங்கேதான் குடிப்பார்கள். அவனைக் கேட்டுவிட்டேன், தினமும் தொலைபேசி எடுத்துச் சொல்லச் சம்மதம். யாரோடு கதைக்கவேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தீவு கிழக்கைப் பிறப்பிடமாகக் கொண்ட ஒரு வாசகி,
டைரீ தீவு, ஸ்கொட்லாந்து.